பேர் இல்லாத அட்டை

வைத்தியர் சிங்களத்தில் கேட்ட கேள்வி எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதைத் தமிழில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் சிறிய அறை அது. மேசைக்கு அந்தப் பக்கம் இளம் வைத்தியர், இந்தப் பக்கம் எங்கள் லயத்து மாமா ஒருவர், பக்கத்தில் மொழிபெயர்க்கப் போன நான். மாமாவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. மூன்று மாதமாக மலம் கழிக்கும்போது இரத்தம், எரிச்சல், சில நாட்களில் சளி போன்ற கசிவு. மூலம் என்று அவரே தீர்மானித்துக்கொண்டு கருணைக்கிழங்கு அவித்துச் சாப்பிட்டார், மோர் குடித்தார், ஹற்றன் கடையில் வாங்கிய களிம்பைப் பூசினார். எதுவும் கேட்காத பிறகுதான் என்னைத் துணைக்கு அழைத்தார்.

வைத்தியர் கேட்டது நேரான கேள்வி: குதவழியாக உடலுறவு கொண்டதுண்டா? புத்தகத் தமிழில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, மாமாவுக்கு அது புரியாது. லயத்தில் ஒரு சொல் இருக்கிறது, அது சண்டையில் எறிகிற சொல். வயதில் மூத்த ஒருவரைப் பார்த்து அதைக் கேள்வியாகக் கேட்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே, ஒரு மனிதரிடம் மரியாதை குறையாமல் கேட்கத்தக்க சொல் ஒன்று என்னிடம் இருக்கவில்லை. வைத்தியர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“மாமா, பின்பக்கமா யாரோடயாவது சேந்து இருந்திருக்கீங்களான்னு டாக்டர் கேக்கிறாரு.”

அவர் திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே தலையை அசைத்தார்.

இதை எழுதச் சம்மதித்தவர் அவர்தான். ஊரும் ஆளும் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அன்று அந்த அறையில் நான் தேடிய சொல்லைப் பற்றித்தான் இத்தனை நாள் கழித்தும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய அப்பா காலத்திலும் இந்த நோய்கள் இருந்தன. அவற்றுக்கு மருந்து குறைவாக இருந்தது, பெயர்கள் நிறைய இருந்தன. இப்போது மருந்து நிறைய இருக்கிறது.

அந்தக் காலத்துப் பெயர்களைச் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. சிறுநீர் கழிக்கையில் எரிந்து சீழ் வந்தால் வெட்டை. உடம்பில் புண்ணும் படையுமாக எழுந்தால் மேகம். இன்று சிபிலிஸ் என்று சொல்லும் நோய் சித்த வைத்தியத்தில் பறங்கிப்புண் ஆயிற்று. கப்பலில் வந்த பறங்கியர் கொண்டுவந்தது என்பதால் அந்தப் பெயர். அதற்குக் கொடுத்த மருந்துச் சரக்குக்கும் பறங்கிப்பட்டை என்றே பெயர். பின்பக்கத்தில் வரும் எந்தத் தொல்லைக்கும் ஒரே பெயர்தான்: மூலம். வெடிப்பானாலும் கட்டியானாலும் பால்வினைத் தொற்றானாலும், சூடு ஏறி மூலம் வந்துவிட்டது என்பார்கள். அந்த ஒரு சொல் எத்தனையோ பேருடைய மானத்தைக் காத்தது. அந்த ஒரு சொல்லே எத்தனையோ பேருடைய நோயை மறைத்தும் வைத்தது.

வைத்தியம் என்றால் அன்று தோட்டத்து டிஸ்பென்சரி. 1872-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும், 1912-இல் வந்த தொழிலாளர் நோய்ச் சட்டமும் தோட்டத்து ஆட்களின் வைத்தியத்தில் தோட்டக்காரருக்குப் பொறுப்பு வைத்தன. அப்படி உண்டானவைதான் அந்தத் தகரக் கூரைக் கட்டடங்கள். வெளியே நீளமான வாங்கு, உள்ளே டிஸ்பென்சர் ஐயா, அவருக்குப் பின்னால் பெரிய பெரிய போத்தல்கள். நோயாளி தன் போத்தலைக் கழுவி எடுத்துப் போக வேண்டும். ஐயா அதில் மருந்துத் தண்ணீரை ஊற்றி, ஓரத்தில் பல்லுப் பல்லாக வெட்டிய காகிதத் துண்டொன்றை ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. நடக்க முடியாதவரைக் கொழுந்து லொறியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

வெட்டைக்கு அப்போது செய்தது, ஊதா நிறக் கொண்டிஸ் மருந்தைத் தண்ணீரில் கரைத்து உறுப்பைக் கழுவுவது. பறங்கிப்புண்ணுக்குப் பாதரசம் கொடுத்தார்கள். நோய் குறைவதற்குள் பல்லும் ஈறும் போய்விடும். 1910-இல் சல்வர்சான் என்ற ஆர்செனிக் ஊசி வந்தது. அதையும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போட வேண்டும். கொழுந்தெடுத்துப் பிழைக்கிறவன் எத்தனை வாரம் ஆஸ்பத்திரிக்கு நடப்பான்? 1943-இல் பென்சிலின் சிபிலிசைக் குணமாக்கும் என்று அமெரிக்காவில் கண்டார்கள், யுத்தம் முடிந்தபின் அது உலகெங்கும் பரவியது. ஆண்டுக்கணக்கில் இழுத்த வைத்தியம், நோயின் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் இன்று ஒரே நாளில் பிட்டத்தில் போடும் பென்சிலின் ஊசியோடு முடிகிறது. வெட்டையின் கதை வேறு. அதற்கும் ஒரு காலத்தில் பென்சிலின் போதுமாக இருந்தது. கிருமி பழகிக்கொண்டுவிட்டது, பென்சிலினை இன்று யாரும் அதற்கு நம்பிப் போடுவதில்லை. செப்ட்ரியாக்சோன் ஊசி போடுகிறார்கள், அதற்கும் அசையாத கிருமிகள் உலகின் சில இடங்களில் தலைகாட்டத் தொடங்கிவிட்டன.

டிஸ்பென்சர் ஐயா பெரும்பாலும் தமிழர். நோயாளி சொல்வது அவருக்கு நேரடியாக விளங்கும். அதில்தான் சங்கடமும் இருந்தது. வாங்கில் குந்தியிருப்பவர்கள் அத்தனை பேரும் சொந்தமோ பக்கத்துக் காம்பிராவோ. ஐயா உள்ளே கேட்கிற கேள்வி வெளியே கேட்கும். வேலைக்குப் போகாமல் நிற்க அவர் எழுதும் துண்டு கணக்கப்பிள்ளை கைக்குப் போகும், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நாலு பேர் அறிவார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பும் வாழ்க்கை அது. ஒரு சுவர்தான் அடுத்த குடும்பத்தையும் நம்மையும் பிரித்தது. அங்கே உடம்பைப் பற்றி எதைச் சொன்னாலும் ஊருக்கே சொன்னதாகும். ஆகவே, சொல்லாமல் இருந்தார்கள்.

சொல்லாமல் இருப்பதற்குச் சட்டமும் துணை செய்தது. கோப்பிச் செடிகள் இலைநோயில் அழிந்து, மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்த நாட்களில், 1883-இல், இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை வந்தது. அதன் 365-ஆம் பிரிவு இயற்கை ஒழுங்குக்கு மாறான புணர்ச்சியைக் குற்றமாக்கியது. ஆணோடு, பெண்ணோடு, விலங்கோடு என்று மூன்றையும் ஒரே வரியில் வைக்கும் சட்டம். அந்த வரியை எழுத்தெண்ணிப் படித்தால் கட்டிய கணவனும் மனைவியும் கூட அதற்குள் வருவார்கள். 365ஏ பிரிவு ஆண்களுக்கு இடையிலான உறவைக் குறித்தது. 1995-இல் அதைத் திருத்தியபோது நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் இதே வேரிலிருந்து வந்த 377-ஆம் பிரிவை, வயதுவந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் உறவைப் பொறுத்தவரை, 2018 செப்டெம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் விலக்கியது. இங்கே இந்தப் பிரிவுகளை மாற்றக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் நமது உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் நிறைவேறவில்லை, பிரிவுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

எச்.ஐ.வி. வந்தபோது மலையகம் அதை எப்படிக் கேள்விப்பட்டது என்பது எனக்கு நினைவிருக்கிறது. 1964-ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் எங்கள் உறவுகளில் பாதிப்பேர் அக்கரைக்குப் போயிருந்தார்கள். நீலகிரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கடிதங்கள் வரும். 1986-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் வைத்தியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களின் இரத்தத்தைச் சோதித்து, இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி.யைக் கண்டார்கள். அதே ஆண்டு இலங்கையில் வெளிநாட்டவர் ஒருவரிடமும், அடுத்த ஆண்டு இலங்கையர் ஒருவரிடமும் அது காணப்பட்டது. பத்திரிகையும் சுவரொட்டியும் பேசியவை மூன்று: விலைமாதர், ஊசி, லொறிச் சாரதிகள். கெட்ட பெண்ணிடம் போனால் வரும் என்று ஊர் புரிந்துகொண்டது. வேறு எந்த வழியாக வரும், எந்த வழியில் அதிகம் வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எந்தச் சொல்லால் சொல்லியிருப்பார்கள்?

மாமா அந்தக் காலத்தில்தான் கொழும்புக்குப் போனார். பதினெட்டு தாண்டிய வயதில் புறக்கோட்டைக் கடையொன்றில் சிப்பந்தி வேலை. பகலெல்லாம் மூட்டை, இரவில் மேல்மாடியில் வரிசையாகப் பாய். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வீடு. பிறகு திரும்பி வந்து ஸ்டோரில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். கொழும்பில் தொடங்கிய பழக்கம் எப்போதாவது நீண்டது. அன்று வைத்தியசாலைக்கு வெளியே மதிலோரம் நின்று அவர் என்னிடம் கேட்டது இது: “பொம்பளகிட்டப் போனாத்தானே தம்பி அந்த நோய் வரும்?”

அவர் கேட்டது அறியாமையால் அல்ல. முப்பது வருடமாக அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் சரியாகவே நினைவில் வைத்திருந்தார்.

உண்மை இதற்கு நேர் எதிரானது. பெண்ணுறுப்பின் உட்சுவர் பல அடுக்குத் தோலால் ஆனது, தானே ஈரம் சுரப்பது. மலக்குடலின் உட்சுவர் ஒற்றை அடுக்கு. உறவுக்கான ஈரம் அங்கே சுரப்பதில்லை. உராய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். எச்.ஐ.வி. தேடுகிற வகை இரத்த வெள்ளணுக்கள் அந்த மெல்லிய சுவருக்கு அடியிலேயே குவிந்திருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளியிட்ட மதிப்பீடு இப்படி: மருந்தெடுக்காத எச்.ஐ.வி. தொற்றாளருடன் ஆணுறை இல்லாமல் கொள்ளும் உறவில், யோனி வழியாக ஏற்கும் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 தடவைக்கு 8. குதவழியாக ஏற்பவருக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், 10,000-க்கு 138. செலுத்துகிறவருக்கு யோனி வழியில் 4, குதவழியில் 11. யாருடன் என்பதைவிட எந்த வழி என்பதும் காப்பு இருந்ததா என்பதும் இங்கே பெரிய கேள்விகள்.

எச்.ஐ.வி. ஒன்றுதானா என்றால் இல்லை. வெட்டையும் கிளமிடியாவும் மலக்குடலில் குடியிருந்தால் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. காட்டினால் இரத்தமும் கசிவுமாக, மூலம் போலவே காட்டும். சிபிலிஸ் புண் உள்ளே இருந்தால் பெரும்பாலும் வலிக்காது, கண்ணுக்கும் படாது. எச்.பி.வி. என்ற வைரஸ் ஆசனவாயில் மருக்களை உண்டாக்கும், அதன் சில வகைகள் ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-யும் இவ்வழியில் தொற்றும். ஆசனவாயில் பட்டதைக் கழுவாமலும் உறை மாற்றாமலும் பெண்ணுறுப்புக்குக் கொண்டுபோனால் அங்கும் சிறுநீர்ப்பையிலும் கிருமி ஏறும். இவை போக, அவசரத்திலும் பலவந்தத்திலும் விழும் வெடிப்புகள். ஆசனவாயின் உள் வளையத் தசை நம் விருப்பத்துக்கு இளகுவதில்லை. வலி என்பது அது தரும் எச்சரிக்கை. மரத்துப்போகும் களிம்பைப் பூசி அந்த வலியை அடக்கிக்கொள்கிறவர்கள் காயத்தைக் காணாமலே காயப்படுகிறார்கள்.

இங்கே நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சுகாதாரப் பயிற்சி வகுப்பொன்றில் தாதி ஒருவர் இரண்டு ஆணுறைகளைப் பலூன் போல ஊதிக் கட்டினார். ஒன்றின் மேல் தண்ணீரால் ஆன வழுக்குக் களியைத் தடவினார். மற்றதன் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு, பேசிக்கொண்டே கைகளைத் துடைத்தார். அவர் பேச்சு முடியவில்லை, எண்ணெய் தடவியது படாரென்று வெடித்தது. முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மற்றது மேசையில் பளபளவென்று அப்படியே கிடந்தது. எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும். அவிசாவளைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிற எங்கள் உறவுக்காரர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும், ரப்பர்ச் சாமானில் எண்ணெய் படவிட மாட்டார்கள். லயத்து அடுப்படியில் கைக்கெட்டுகிற வழுக்குப் பொருளோ தேங்காய் எண்ணெய்தான். வாசலினும் இதையேதான் செய்யும். ஆணுறை போட்டும் நோய் வந்தது என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று நான் இப்போது நினைப்பதில்லை. என்ன தடவினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆணுறைக்கும் மலையகத்துக்கும் உள்ள தொடர்பே தனிக் கதை. 1973-இல் ‘பிரீதி’ என்ற பெயரில் மலிவு விலையில் அது நாடெங்கும் கடைகளுக்கு வந்தது. வந்தது குடும்பக்கட்டுப்பாட்டின் பெயரால். பிள்ளை பிறக்காமல் இருக்க என்று சொல்லித்தான் அதை அறிமுகப்படுத்தினார்கள். தோட்டங்களிலோ குடும்பக்கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் பெண்களுக்குச் செய்யும் கருத்தடைச் சத்திரசிகிச்சை. காசும் கொடுத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போன காலம் உண்டு. இரண்டு மூன்று பிள்ளைகளோடு பெண் ‘ஒப்பரேசன்’ செய்துகொண்டாள் என்றால் அந்த வீட்டில் உறைக்கு இனி வேலையில்லை. கர்ப்பம் தரிக்காத வழியிலான உறவுக்கு அது எதற்கு என்ற எண்ணமும் அப்படித்தான் வந்தது. பிள்ளைக்காக அறிமுகமான பொருள் பிள்ளைப்பேறு முடிந்ததோடு வீட்டை விட்டுப் போயிற்று. மாமா வீட்டிலும் அப்படியே.

கணவன் கேட்டதால் இணங்கிய பெண்கள், இணங்காமல் அழுத பெண்கள், அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ‘வயித்துக் கோளாறு’ என்று சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். கிளினிக்குக்கு வரும் மருத்துவ மாதுவிடம் பிரசவத்தைப் பற்றி எல்லாம் பேசுகிறவர்கள், இதை மட்டும் பேசுவதில்லை. மனைவி வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பதை வைத்தியத்துக்கு முன்னாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்கு வரும் வெடிப்பும் தொற்றும் இந்தக் கட்டுரையின் அரைப் பங்கு.

இன்று கிடைப்பதைச் சொன்னால் மாமாவின் அப்பா நம்பமாட்டார். தோட்ட வைத்தியசாலைகளை 1990-களிலிருந்து அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டிய 150 படுக்கை வைத்தியசாலையை 2017 மே மாதம் திறந்தார்கள். அதே ஆண்டிலிருந்து பாடசாலை மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். கர்ப்பிணித் தாய் ஒவ்வொருவருக்கும் சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டும் சோதிக்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. அதில் எங்கள் லயத்துப் பெண்கள் கையை நீட்டிக் கொடுத்த இரத்தமும் இருக்கிறது. எனக்கு அதில் பெருமை உண்டு.

அரசின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். வந்தவரைப் பெயரால் கூப்பிடுவதில்லை, இலக்கம் கொடுக்கிறார்கள். எச்.ஐ.வி. பட்டிருக்கலாம் என்று பயந்தால் 72 மணி நேரத்துக்குள் போய் 28 நாள் மருந்தெடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்; எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. தொடர்ந்து ஆபத்து உள்ளவர்கள் தினம் ஒரு மாத்திரை எடுத்து முன்கூட்டியே காத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே ஈறைத் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் சோதனைப் பெட்டியும் வந்துவிட்டது. ஆபத்தான உறவுக்கு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் அதன் பதிலை முழுக்க நம்பலாம். தொற்று உறுதியானவர் மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்தால், உடலுறவின் வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. 1986-இல் இந்த நோய் மரணச் செய்தி. இன்று அது மாத்திரை எடுத்துக்கொண்டு கொழுந்து பறித்து, பேரப்பிள்ளை பார்க்கும் நோய்.

இவ்வளவும் இருந்தும், 2023-இல் நாட்டில் புதிதாகப் பதிவான எச்.ஐ.வி. தொற்றுகள் 700-ஐ ஒட்டின. அதுவரை எந்த ஆண்டிலும் பதிவாகாத தொகை. பெரும்பாலோர் ஆண்கள். ஆணோடு ஆண் கொண்ட உறவால் தொற்றியவர்கள் அவர்களில் கணிசமானோர். மலையகத்து இளைஞர்கள் இன்றும் கொழும்புக்குப் போகிறார்கள். அன்று மேல்மாடிப் பாய், இன்று கைத்தொலைபேசி. அன்று ஒருவரை அறிய மாதக்கணக்காயிற்று, இன்று திரையில் விரல் வைத்தால் பக்கத்துத் தெருவில் ஆள் இருக்கிறார். அந்தத் திரை தனிமையில் இருந்த பையன்களுக்குத் துணையும் தந்தது. படத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் கும்பலையும் அதே திரைதான் கொண்டுவந்தது. பறிகொடுத்தவன் பொலிசுக்குப் போனால் முதலில் தன்னையே காட்டிக்கொடுக்க வேண்டும், அந்த 1883-ஆம் ஆண்டு வரி இன்னும் அங்கே நிற்கிறது.

சோதனைக்குப் போகாமல் இருப்பதற்குத் தூரமும் ஒரு காரணம். சிகிச்சை நிலையத்தைத் தேடி ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்குக் கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று வளைந்து போனால் பஸ்ஸில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். தோட்டத்திலிருந்து ஹற்றன் வருவதற்கே இன்னொரு பஸ். ஒரு கிளினிக் என்றால் ஒரு நாள், ஒரு நாள் என்றால் ஒரு பேர். எங்கள் ஊரில் ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று பெயர். வருகைப் பதிவான செக்ரோலில் பேருக்கு நேரே அன்றைய வேலை விழுந்தால் பேர் விழுந்தது என்போம், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். 2021-இல் ஒரு பேருக்கு 1,000 ரூபாய், 2024-இல் 1,350. அதை விட்டுவிட்டு, வலியும் காட்டாத ஒரு நோயைச் சோதிக்க ஒருவன் மலையிறங்கிப் போக வேண்டும்.

போனால் அங்கே மொழி. டிஸ்பென்சர் ஐயாவுக்கு நம் பாஷை தெரியும், நம்மையும் தெரியும், ரகசியம் நிற்காது. இன்றைய வைத்தியருக்கு நம்மைத் தெரியாது, ரகசியம் காப்பார். நம் பாஷை அவருக்குத் தெரியாது. நடுவே யாரோ ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. வார்ட்டில் கூட்டுகிற தமிழ் அக்கா நிற்பார், அடுத்த வரிசை நோயாளி நிற்பார், சில சமயம் பெற்ற மகளே நிற்பாள். மாமாவுக்கு நான் நின்றேன். மகளைக் கூட்டிப்போக முடியாது என்பதால்தான் மூன்று மாதம் கருணைக்கிழங்கு சாப்பிட்டார்.

அன்று சோதித்ததில் மாமாவுக்கு மூலம் இல்லை. சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இல்லை. மலக்குடலில் வெட்டை இருந்தது. ஊசி போட்டார்கள். குணமாகும் வரை உறவு வேண்டாம், மூன்று மாதத்தில் எச்.ஐ.வி.யை மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். உறையும், சிறிய பொதிகளில் வழுக்குக் களியும் கொடுத்தார்கள். கூடவே ஒரு துண்டு, மனைவியைச் சோதனைக்குக் கூட்டிவருவதற்கு.

திரும்பும்போது நானுஓயா தாண்டும்வரை அவர் பேசவில்லை. தலவாக்கலைக்குக் கிட்ட வந்ததும் சட்டைப் பையிலிருந்து கிளினிக் அட்டையை எடுத்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். இலக்கம் மட்டும் எழுதியிருந்தது.

“தம்பி, இதுல பேர் இல்ல.”

“ஆமா மாமா. அப்படித்தான் போடுவாங்க.”

“இன்னைக்குத் தோட்டத்துலயும் பேர் இல்ல,” என்றார். சற்று நேரம் கழித்து அந்தத் துண்டை எடுத்தார். “இது அவளுக்கு. என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது?”

எனக்கு அப்போதும் சொல் வரவில்லை. வெளியே சென் கிளையர் நீர்வீழ்ச்சியில் தண்ணீர் மெலிந்திருந்தது; மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபிறகு அது அப்படித்தான்.

பத்து நாள் கழித்து, விடிந்தும் விடியாத பனியில் பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பேரையும் பார்த்தேன். மாமா கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை நாலடி தள்ளி, நல்ல சேலை கட்டி, தலையில் சால்வையைப் போர்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அன்றைய பேரை விட்டிருந்தாள். மடித்த துண்டு அவள் கையில் இருந்தது. பஸ் வந்தது, மாமா பின்கதவால் ஏறினார், அவள் முன்கதவால் ஏறினாள். உள்ளே போன பிறகு ஒரே ஆசனத்தில் உட்கார்ந்தார்கள்.